மாமி என்னோடு கதைத்த காலம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் நானும் அப்படித்தான் சாய்ந்தமருதுக்குப் போனேன். கொண்டுபோனது கொஞ்சம் உடுப்பும், றேடியோ திருத்துகிற சாமான் பெட்டியும். கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னத் திருத்தகம் இருந்தது. காலையில் சைக்கிளில் போய் பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்கு முன்னர் திரும்பிவிடுவேன்.

அந்த வீட்டில் நான், என் மனைவி, அவளுடைய உம்மா, மூன்று பேர்தான். மாமா எப்போதோ மௌத்தாகிவிட்டார். சம்மாந்துறைப் பக்கம் இருந்த கொஞ்ச வயலைக் குத்தகைக்குக் கொடுத்து, அந்த நெல்லை வைத்தே மாமி ஒற்றை மகளை வளர்த்திருந்தார்.

நான் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகியும் மாமி என்னோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபமெல்லாம் இல்லை. மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைப்பது அந்தக் காலத்து மாமிமாருக்குக் கூச்சம். அதுதான் மரியாதை என்றும் நினைத்தார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தால் குசினிக் கதவில் தொங்குகிற சீலைக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"மகள், மாப்பிள்ளைக்கு அந்த மீன் தலைய வைங்க."

"எனக்குப் போதும் எண்டு சொல்லுங்க" என்று நான் மனைவியிடம் சொல்வேன்.

"இண்டைக்கு அவருக்கு என்ன, சோறு இறங்குதில்லையாமா?"

"ரெண்டு பேருக்கும் நடுவில நான் என்ன தந்திக் கந்தோரா?" என்று மனைவி சிரிப்பாள். சீலைக்குப் பின்னாலும் மெல்லிய சிரிப்பு ஒன்று கேட்கும். மாமியின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைத்தான் சரியாகப் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கடையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். திருத்தக் கொடுத்த றேடியோவை வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தம்பி, கடையே கருகுது, நீங்க பேசாம இரிக்கிங்க?" என்றார். பார்த்தால் என் முகத்துக்கு நேரே றேடியோவின் கம்பிச் சுருள் ஒன்று எரிந்து புகைந்துகொண்டிருக்கிறது. புகை கண்ணில் பட்டது, கண் கரித்தது. வாசம் மட்டும் வரவில்லை.

வலப்பக்க மூக்கு அதற்கும் முன்பே அடைத்திருந்தது. பீனிசம் என்றார்கள். ஆவி பிடித்தேன், சொட்டு மருந்து விட்டேன். பிறகு இரத்தம் வரத் தொடங்கியது. சும்மா இருக்கும்போதே சேட்டில் சொட்டும். அந்த நேரத்தில் மனைவி வயிற்றுப் பிள்ளைக்காரி. அவள் பயப்படுவாள் என்று ஒழுங்கை முனையில் உள்ள குழாயில் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

அதைவிட மோசமாய் மாறியது என் குணம். நெற்றிக்குப் பின்னால் எந்நேரமும் ஒரு வலி. காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். இல்லாவிட்டால் ஒரு றேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். எதற்காக என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மனைவி அழுதுகொண்டு சோற்றைக் கூட்டி அள்ளினாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் கதைத்தார்கள்.

அன்று சீலைக்குப் பின்னால் மாமியின் குரல் நிதானமாக வந்தது. "மகள், அழாதிங்க. இவர் இப்பிடியான ஆள் இல்ல. ரெண்டு வரிசமா நான் பாக்கிறன்தானே. இது குணமில்ல, வருத்தம். பெரிய டொக்டர் ஒராளிட்டக் காட்டச் சொல்லுங்க."

அது ஒரு நோய் என்று முதலில் கண்டுபிடித்தது மாமிதான்.

மட்டக்களப்பில் மூக்கு டொக்டர் ஒருவர் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்று ஒரு துண்டு கிள்ளி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வருவதற்கு முன்பே மகள் பிறந்துவிட்டாள். எல்லாரும் பிள்ளையின் தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். நானும் முகர்ந்தேன். மெத்தென்று சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

முடிவைக் கேட்க என் காக்காவும் நானும் போனோம். காக்கா என் கூடப்பிறந்த மூத்தவர், கடலுக்குப் போகிறவர். எதற்கும் பயப்படாத ஆள். டொக்டர் சொல்லச் சொல்ல அவருடைய கை என் தோளை இறுக்கிக்கொண்டே போனது. அது மிகவும் அரிதான ஒரு புற்றுநோயாம். வாசம் பிடிக்கிற நரம்பில், மூக்கின் உச்சியில் தொடங்குமாம். தலைவலியையும் குணமாற்றத்தையும் பார்த்தால் மேலே மூளைக்கும் ஏறியிருக்க வேண்டும், தாமதிக்காமல் கொழும்புக்குப் போங்கள் என்றார்.

பின்னேரம் வீட்டில் கூடினோம். மனைவிக்குப் பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியவில்லை, பச்சைப் பிள்ளையோடு பயணம் போக முடியாது. என் உம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். வாப்பாவுக்குக் கண் தெரியாது. காக்கா, "நான் கூட்டிப் போறன். ஆனா கன நாள் நிக்க ஏலாது, தோணில என்னோட வாற ஆக்களும் சாப்பிடணும்" என்று தலையைக் குனிந்துகொண்டார். கொழும்பில் எத்தனை மாதம் ஆகுமோ, யார் பக்கத்தில் இருப்பது?

"நான் போறன்."

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்துதான்.

கூடியிருந்த சொந்தக்காரரில் ஒரு மூத்தவர், "பிள்ளைப் பெத்த மகள விட்டுட்டா? மருமகனோட தனியவா?" என்று இழுத்தார்.

"மகளப் பாக்க என்ட தங்கச்சி வருவா. மார்க்கத்தில மருமகனுக்கு மாமி உம்மா மாதிரி. நான் போறதில ஒரு குத்தமும் இல்ல." குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "என்ட மகளுக்கு இப்ப பெரிய உதவி அவளுக்குப் பிள்ளைப்பெத்த காய மருந்து அரைச்சுக் குடுக்கிறதில்ல. அவட மாப்பிள்ளையப் பாக்கிறதுதான்."

உள்ளேயிருந்து என் மனைவி சத்தமாகச் சொன்னாள்: "போங்க உம்மா."

விடியப் புறப்படுகிற பஸ்ஸில் அம்பாறை வழியாக மகியங்கனை மலையேறிக் கண்டிக்குப் போய், அங்கிருந்து கொழும்பு. நானும் காக்காவும் ஒரு சீட்டில், மாமி எங்களுக்கு முன்னால். கண்டி தாண்டும்வரை பின்னால் திரும்பியே பார்க்கவில்லை.

கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். ஒரு கிழமையில் காக்கா ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தது. அதுவரைக்கும் மாமி அவர் மூலம்தான் என்னோடு கதைத்தார். அவர் போனதும் இடையில் ஆளில்லை. நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்தில், தங்கியிருந்த ஊர்க்காரர் வீட்டிலிருந்து கஞ்சியோடு முக்காட்டை இழுத்துக்கொண்டு வருவார், கட்டில் கால்மாட்டில் நிற்பார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்வார்: "கஞ்சி ஆறுது."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டு, "குடிக்கலாம்" என்பேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். எங்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பார்.

நான் கிடந்த வாட்டில் யாழ்ப்பாணப் பக்கத்து இளம் டொக்டர் அம்மா ஒருவர் இருந்தார். பெரிய டொக்டர் சொல்வதைத் தமிழில் எங்களுக்கு எடுத்துச் சொல்வது அவர்தான். ஒரு நாள் மாமி அவரிடம் கேட்டார். "புள்ள, மூக்குல வந்த சாமான் மண்டைக்குள்ள எப்பிடிப் போச்சு?"

டொக்டர் அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மூக்குக்கு மேல இருக்கிற எலும்பு முட்டைக்கோது மாதிரி மெல்லிசு அம்மா. அதில அரிதட்டு மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டையள். அதுக்குள்ளாலதான் வாசம் தெரியிற நரம்புகள் மூளைக்குப் போகுது. அந்தப் பாதையால இதுவும் மேல ஏறிட்டுது."

"இறக்க ஏலுமா?"

"வெட்டி எடுக்கலாம். மேலால மண்டையத் திறந்து ஒரு டொக்டர், கீழால மூக்கோரம் வெட்டி இன்னொரு டொக்டர், ரெண்டு பேரும் சேர்ந்து செய்வினம். பெரிய ஒபரேசன். பிறகு மிச்சத்தை அழிக்க மெசினால கதிர் பிடிக்க வேணும். இந்த வருத்தம் கனபேருக்கு வாறதில்லை. அதால முடிவு இப்பிடித்தான் எண்டு எங்களாலும் சொல்லேலாது. ஆனா மூளைக்குப் போன பிறகும் கன வருசம் இருக்கிற ஆக்கள் இருக்கினம். அது பொய்யில்லை."

"வாசம் திரும்ப வருமா?"

டொக்டர் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "அது வராது."

மாமி தலையை ஆட்டினார். "வாசம் போனாப் போகட்டும், புள்ள. ஆள விட்டுத் தாங்க."

ஒபரேசன் நாளைப் பற்றி எனக்கு நினைவில் இருப்பது, மொட்டையடித்த தலையில் பட்ட குளிர் மட்டும்தான். மற்றதெல்லாம் பின்னர் கேட்டது. காலையில் கொண்டுபோனவனைப் பொழுது சாயும்போதுதான் வெளியே கொண்டு வந்தார்களாம். அவ்வளவு நேரமும் மாமி மாடிப்படியோரம் உட்கார்ந்து குர்ஆனின் யாஸீன் சூறாவை ஓதிக்கொண்டிருந்தாராம். கூட்டுகிற பெண் ஒருத்தி வலுக்கட்டாயமாக அவருக்குத் தேத்தண்ணி பருக்கினாளாம்.

கண் விழித்தபோது முகம் முழுக்கக் கட்டு. இடது கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு முகம் என்மேல் குனிந்திருந்தது. வட்டமான முகம், மூக்கின் பக்கத்தில் ஒரு மறு, தூங்காத கண். யாரென்று ஒரு கணம் தெரியவில்லை. மூளையின் முன்பக்கத்தில் கத்தி பட்டால் கூச்சநாச்சம் கொஞ்சக் காலத்துக்கு இல்லாமல் போகும் என்று டொக்டர்கள் பிறகு சொன்னார்கள். அதனால்தானோ என்னவோ, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமி, எனக்குப் பசிக்குது."

அந்த முகம் அப்படியே நின்றது. பிறகு உதடு கோணி, கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது.

"ஓம் மனே" என்றார் மாமி, பெற்ற மகனைக் கூப்பிடுகிற மாதிரி. "ஓம் மனே, தாறன். கேட்டுட்டு வந்து தாறன்." நேர்ஸைத் தேடி ஓடினார். முக்காடு தோளில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சீலை இல்லை.

காயம் ஆறியதும் கதிர் பிடிக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வாட்டில் இடமில்லை, வெளியிலிருந்து நாளாந்தம் வர வேண்டும். பக்கத்தில் ஒரு சிங்கள விதவை வீட்டில் சின்ன அறை கிடைத்தது. மாமிக்குச் சிங்களம் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் தேங்காய் திருவிக்கொண்டு மணிக்கணக்காகக் கதைப்பார்கள். என்னதான் கதைத்தார்களோ! இரவில் மாமி அந்த அம்மாவோடு உள்ளே படுத்துக்கொள்வார், நான் முன்னறையில்.

என் முகத்துக்கு அளவெடுத்து ஒரு கவசம் செய்திருந்தார்கள். அதைப் போட்டுத் தலையை அசையாமல் கட்டிவிட்டு, எல்லாரும் வெளியே போய்த் தடித்த கதவை மூடுவார்கள். இயந்திரம் முனகும். வலி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் உலகத்தில் நான் மட்டும் மிஞ்சிவிட்ட மாதிரி இருக்கும். கதவு திறந்ததும் மாமியின் செருப்புச் சத்தம் கேட்கும்.

வாசம் போனதோடு ருசியும் போயிருந்தது. கதிர் பிடிக்கப் பிடிக்க எச்சிலும் வற்றியது. எதை வாயில் வைத்தாலும் ஈர மண். மாமி முதல் நாளே ஒரு கரண்டி சொதியைத் தந்து கேட்டார்.

"உப்புத் தெரியுதா?"

"ஓம்."

"புளி?"

"கொஞ்சம் தெரியுது."

"அப்ப சமைக்கலாம்" என்றார், பெரிய கவலை ஒன்று தீர்ந்த மாதிரி.

அதன் பிறகு வாசத்தை மறந்து, நாக்குக்கு இதமாக மட்டுமே சமைத்தார். குழைந்த கஞ்சியில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுவார். பாண் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தருவார். தயிரில் சீனி போட்டுக் குளிரக் குளிரத் தருவார். இறங்காவிட்டால் கோபிக்கமாட்டார், கோப்பையை மூடி வைத்துவிட்டு ஊர்க் கதை சொல்வார். சின்ன வயதில் மாமாவோடு வண்டில் கட்டி வயலுக்குப் போனது, சூறாவளியில் பக்கத்து வீட்டுக் கூரை எங்கள் கிணற்றுக்குள் வந்து விழுந்தது. கதை போகிற போக்கில் கரண்டி என் வாய்க்கு வந்துவிடும்.

நாலாவது கிழமை அளவில் வாயெல்லாம் புண். முகத்துத் தோல் கறுத்து உரிந்தது. என்னோடு கதிர் பிடிக்க வருகிற மலைநாட்டுக்காரர் ஒருவர் இரண்டு நாளாக வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. அன்று காலையில் நான் எழும்பவில்லை.

"நான் வரல்ல மாமி. போதும். ஊருக்குப் போவம். சாகிறதெண்டா வீட்ட போய்ச் சாவன்."

மாமி நிலத்தில் உட்கார்ந்தார். உடுத்தது உடுத்தபடி, ஆஸ்பத்திரிப் பை மடியில். வெளியே வீட்டுக்கார அம்மா முற்றம் கூட்டுகிற சத்தம். அது நின்ற பிறகுதான் மாமி கதைத்தார்.

"மகளார்ர வாப்பா மௌத்தாகக்குள்ள எனக்கு இப்ப அவளுக்கிருக்கிற வயசுதான், மனே. இவள் அப்ப நடக்கப் பழகின புள்ள. பொழுது பட்டா, பூட்டின வாசல் கதவத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாப்பன். கூரைல பூனை பாஞ்சாலும் புள்ளயத் தூக்கி மடில வெச்சுக்குவன். ஆரிட்டயும் சொல்லல்ல. ஆம்பிள இல்லாத வீட்ட எப்பிடிக் கொண்டு போறதெண்டு எனக்குத் தெரியும்." முக்காட்டு முனையால் முகத்தைத் துடைத்தார். "என்ட மகளுக்கு அது தெரிய வேணாம். அதுக்குத்தான் நான் வந்தன். உங்களுக்கு நோகுதெண்டு எனக்குத் தெரியும். நோகட்டும். உசிரோட இருந்து தாங்க."

பிறகு எழுந்து என் சேட்டை எடுத்து நீட்டினார். நான் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பட்டப்பகலில், நடுறோட்டில், எங்கள் ஊரில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஊருக்கு வந்தபோது மகள் குப்புறப் புரண்டு தலையைத் தூக்கிப் பார்க்கிற வயதுக்கு வந்திருந்தாள். தழும்பும் மொட்டைத் தலையுமாக என்னைக் கண்டு வீரிட்டு அழுதாள். மனைவி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கோரத்துத் தையலை விரல் நுனியால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாள்.

"அழகாத்தான் தைச்சிரிக்காங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

பழைய ஆளாக நான் உடனே மாறவில்லை. வாய்க்கு வருவதைச் சொல்கிற பழக்கம் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் இறைச்சி அவியவில்லை என்று சத்தமாகச் சொல்வேன். மனைவி தொடையில் கிள்ளுவாள். மாமி, "சரியாத்தான் சொன்னார்" என்று என் பக்கம் நிற்பார். எங்கள் இருவரையும் பார்த்து மனைவிக்கு ஆச்சரியம் தீரவில்லை. "கொழும்புக்கு அனுப்பின நேரம் ஊமையா இருந்த ரெண்டு பேரும் இப்ப என்னக் கதைக்க விடுறாங்க இல்ல" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியிடம் கேட்டேன். "பிள்ளைட தலை என்ன வாசம்?"

அவள் மகளின் உச்சியை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். "சொல்லத் தெரியாது. பால் வாசமும் இல்ல, எண்ணெ வாசமும் இல்ல." பிறகு பிள்ளையை என் மடியில் வைத்தாள். "இவள் சிரிக்கக்குள்ள நெஞ்சில கை வெச்சுப் பாருங்க. குருவி மாதிரி அடிக்கும். அத நீங்க வெச்சுக்கங்க."

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய்க் காட்ட வேண்டியிருந்தது. சில வருடம் கழித்துக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அதே நோய் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது என்றார்கள். அப்போது நாட்டு நிலைமை கெட்டுப்போய், றோட்டில் இடைக்கிடை இறக்கிச் சோதிப்பார்கள். மாமி பையை எடுக்கப் போனார். மனைவி தடுத்தாள். "இந்தத் தரம் என்ட முறை. நீங்க பிள்ளைகளப் பாருங்க." அப்போது எங்களுக்கு இரண்டாவதாக ஒரு மகனும் பிறந்திருந்தான். கட்டியை எடுத்தார்கள், மறுபடியும் கதிர் பிடித்தார்கள். அந்தத் தடவை மனைவி என்னோடு இருந்த நாட்களைத் தனியாக எழுதலாம். அவளுக்குப் பொறுமை குறைவு. கஞ்சி குடிக்காவிட்டால் ஏசுவாள்.

அதன் பிறகு நோய் திரும்பவில்லை. தினம் காலையில் உப்புத் தண்ணியால் மூக்கைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பொருக்குக் கட்டும். வலது கண்ணில் சும்மாவே தண்ணீர் வடியும். என் கடைக்கு றேடியோவோடு தொலைக்காட்சிப் பெட்டிகளும் வரத் தொடங்கின. எரிந்ததை மோந்து பார்க்க ஒரு கூட்டாளியை வைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கிளினிக்குக்கு, தேவையே இல்லாமல், மாமியும் வருவேன் என்று நின்றார். அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். எருமைத் தயிர் நிறைந்த மண்முட்டி ஒன்றைச் சீலையால் கட்டி, ஊரிலிருந்து கொழும்புவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் கட்டை அவிழ்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொடுத்தான்.

டொக்டர் அம்மா இல்லை. வெளிநாட்டுக்குப் போய்க் கன காலமாகிவிட்டது என்றார்கள். மாமி முட்டியோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வந்தன் எண்டாவது அந்தப் புள்ளைக்குத் தெரியணுமே" என்றார்.

பெரிய டொக்டர் அப்போதும் இருந்தார், தலை நரைத்து. என் மூக்கைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இனி வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார். தயிர் முட்டியை மாமி அவருடைய மேசையிலேயே வைத்தார். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ் மகியங்கனையில் தேத்தண்ணிக்கு நின்றது. மாமி ஜன்னலோரம் உட்கார்ந்து வாழைப்பழம் ஒன்றை உரித்துப் பாதியை, கீழே தேத்தண்ணியோடு நின்ற என்னிடம் நீட்டினார்.

"வரிசத்துக்கு ஒருக்காதானாம்" என்றார். "வாற வரிசம் மகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வருவம், மனே. நான் இத்தன தரம் கொழும்புக்கு வந்தும் ஆஸ்பத்திரியத் தவிர ஒண்டையும் பாக்கல்ல. அங்க யானை எல்லாம் ஆடுற இடம் ஒண்டு இருக்காமே?"

"ஓம் மாமி, மிருகக்காட்சிச்சாலைல இரிக்கி" என்றேன். "போவம்."

பஸ் ஹோர்ன் அடித்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கடையில் கொடுத்துவிட்டு ஓடி வந்து ஏறினேன்.